கம்பெனி என்கிற ஆள்

எம்.காம். சேர்ந்த மூன்றாவது வாரம் ஒருவனுடைய புருவத்தைக் கிழித்தேன். மூன்று தையல். டிபன் டப்பாவால் அடித்தேன். எவர்சில்வர், மூன்றடுக்கு, உள்ளே புளிச்சோறு நிறைய இருந்தது. சாப்பாட்டு நேரம் முடிந்து அடித்திருந்தால் டப்பா காலியாக இருந்திருக்கும், அவனும் ஒரு தையலோடு தப்பித்திருப்பான். அவன் நேரம் சரியில்லை.

காரணம் ஒரே ஒரு சொல். அன்று கார்ப்பரேட் ஃபைனான்ஸ் வகுப்பு. ஒரு கம்பெனி எங்கிருந்து முதல் திரட்டுகிறது, அதை எதில் போடுகிறது, வருகிற லாபத்தை யாருக்குப் பிரித்துக் கொடுக்கிறது, இதுதான் அந்தப் பாடம். மேடம் முதலில் இங்கிலீஷில் கேட்டார். முப்பது பேரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "தமிழ்லயாவது சொல்லித் தொலைங்க. பங்குன்னா என்ன?" என்றார். வகுப்பில் ஒருவரும் வாயைத் திறக்காதது எனக்கே அவமானமாக இருந்தது. எழுந்து நின்று, "சாமியார் இருக்கற எடங்க மேடம்" என்றேன்.

நான் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அரூருக்கும் கம்பைநல்லூருக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். நாலு தலைமுறையாக விவசாயம், நாலு தலைமுறையாகப் பூசை. சுற்றுவட்டத்து வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், எல்லோரும் ஒரு கோயிலுக்கு, ஒரு சாமியாருக்குக் கீழே வருவார்கள். அதற்குப் பெயர் பங்கு. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட முதலில் "நீங்க எந்தப் பங்கு?" என்றுதான் கேட்பார்கள். அந்தச் சொல்லுக்கு இரண்டாவது அர்த்தம் ஒன்று உண்டென்பதும் எனக்குத் தெரியும். கிணற்றில் பங்கு, நிலத்தில் பங்கு, அதற்காக வெட்டிக்கொள்கிற பங்காளி. அதை நாலு பேர் முன்னால் சொல்லக் கூடாது என்றுதான் நல்ல அர்த்தமாகப் பார்த்துச் சொன்னேன்.

வகுப்பு இரண்டு நிமிடம் சிரித்தது. மேடமும் சிரித்தார். அதைப் பொறுத்துக்கொண்டேன். இடைவேளையில் கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன் என் முன்னால் வந்து இடக்கையால் சிலுவை போட்டுக்கொண்டு, "மதர், உங்க பங்கு இன்னிக்கி என்ன வெல?" என்றான். அப்போதுதான் டப்பா என் கையில் இருந்தது.

மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார்கள். இரண்டு நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன். "என் செயலுக்கு மனமார வருந்துகிறேன்" என்று எழுதும்போதுகூட, அடுத்த முறை டப்பாவை எந்தப் பக்கம் பிடிக்கலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். எழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது. ஒரு வாரம் வகுப்புக்கு வர வேண்டாம் என்றார்கள். வீட்டில் அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பையன் திருப்பி அடிச்சானா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் நிம்மதியாகச் சோற்றில் கை வைத்தார்.

எங்கள் வீட்டுக் கை அப்படி. "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்பார்கள். எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி ஒருவருக்கொருவர் உதவியதே அடியாகத்தான். அண்ணன் என்றால் என் பெரியப்பா, தம்பி என் அப்பா. கூடப் பிறந்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான்.

சண்டை ஞாயிற்றுக்கிழமைக்காக. தாத்தா சொத்தைப் பிரித்தபோது நிலத்தை இரண்டாக வகுந்துவிட்டார். கிணற்றை வகுக்க முடியாதே. அதனால் நாளை வகுந்தார். திங்கள், செவ்வாய், புதன் மூத்தவனுக்கு. வியாழன், வெள்ளி, சனி இளையவனுக்கு. ஞாயிறு ஆண்டவருடைய நாள், அன்றைக்கு மோட்டாரும் ஓய்வெடுக்கட்டும் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகச் செத்துப்போனார். கிணற்றில் தண்ணீர் ததும்பிய வரைக்கும் ஆண்டவருடைய நாளை யாரும் தொடவில்லை. தண்ணீர் கீழே போகப் போக, ஞாயிற்றுக்கிழமை யாருடையது என்கிற கேள்வி மேலே வந்தது.

நான் பத்தாவது படித்தபோது ஒரு ஞாயிறு. பூசை முடிந்து வருகிறோம், மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கிறது. அப்பா அம்மாவின் கையிலிருந்த ஜெபப் புத்தகத்தைக்கூடக் கவனிக்காமல் அவளைத் தள்ளிக்கொண்டு ஓடினார். பெரியப்பா வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தார். பேச்சே இல்லை. அப்பா விட்ட அறையில் பெரியப்பா வாய்க்காலில் குப்புற விழுந்தார். எழுந்தவர் கையில் கடப்பாரை இருந்தது. அப்பாவின் இடது முழங்கை உடைந்த சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது, காய்ந்த குச்சிக்கிழங்குத் தண்டை ஒடித்த மாதிரி. நான் சும்மா நிற்கவில்லை. வரப்பில் நின்று கல்லெறிந்தேன். ஒன்று பெரியம்மாவின் முதுகில் பட்டது, ஒன்று எங்கள் ஆட்டின் மேல் பட்டது. அப்பாவின் கை அதற்கப்புறம் நீளவே இல்லை, வளைந்தபடியே நின்றுவிட்டது. பெரியப்பாவுக்கு அந்த அறையோடு இடது காது போனது. கை ஒன்றுக்குக் காது ஒன்று என்று ஊர் சமன் செய்துகொண்டது. அப்போதும் ஞாயிற்றுக்கிழமை யாருக்கென்று தீரவில்லை.

இந்த வீட்டிலிருந்துதான் காலை ஆறு மணிக்கு அரூர் பஸ் பிடித்து, அங்கிருந்து சேலம் பஸ் மாறி, நான் கார்ப்பரேட் ஃபைனான்ஸ் படிக்கப் போனேன்.

தண்டனை முடிந்து வகுப்புக்குத் திரும்பிய நாள், மேடம் கம்பெனி என்றால் என்ன என்று நடத்திக்கொண்டிருந்தார். சட்டத்தின் கண்ணுக்குக் கம்பெனி ஒரு ஆள். அது சொத்து வாங்கும், கடன் வாங்கும், வழக்குப் போடும், அதன்மேலும் வழக்குப் போடலாம். பங்குதாரர்கள் சாவார்கள், கம்பெனி சாகாது. அதன் சொத்து எதுவும் பங்குதாரருக்குச் சொந்தம் இல்லை. அவனுக்குச் சொந்தம் பங்கு மட்டும்தான். கம்பெனி முழுகினாலும் அவன் போட்டது போகும், அதற்குமேல் அவன் வீட்டுப் பானையை யாரும் தொட முடியாது. இதற்கு வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்று பெயர்.

நான் கையைத் தூக்கினேன். முன்பு ஒரு தடவை தூக்கியதன் விளைவு எல்லோருக்கும் தெரியுமாதலால் வகுப்பே திரும்பிப் பார்த்தது. "அந்த ஆள அடிக்க முடியுங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"எந்த ஆள?"

"கம்பெனியங்க."

மேடம் சாக்பீஸைக் கீழே வைத்தார். "அடிக்கிறதுக்கு உடம்பு வேணுமில்லம்மா" என்றார்.

அன்று பஸ்ஸில் வரும்போது எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. எங்கள் வீட்டில் பொறுப்புக்கு வரையறை ஏது? பெரியப்பா அடித்தால் பெரியம்மா முதுகில் கல் விழும், அப்பா அறைந்தால் என் அம்மா கோயிலில் தனியாக உட்காருவாள், எதிலும் சேராத ஆடும் நொண்டும். போட்டது போகட்டும் என்று எவனும் விட்டதில்லை. இன்னொரு வகுப்பில், ஏற்கெனவே முழுகிப்போன செலவை மனதில் வைத்து அடுத்த முடிவை எடுக்காதே, அது எப்படியும் திரும்பி வராது என்று மேடம் நடத்தினார். எல்லோரும் அதைக் குறித்துக்கொண்டார்கள். எனக்கு அப்பாவின் முழங்கைதான் தெரிந்தது. அந்த முழங்கையை வைத்துத்தான் அவர் எல்லா முடிவையும் எடுக்கிறார். நாளைக்கு வருகிற ரூபாய் இன்றைய ரூபாயைவிடச் சிறியது என்று ஒரு பாடம் உண்டு. அடி விஷயத்தில் எங்கள் ஊர்க் கணக்கு தலைகீழ். இன்றைக்கு வாங்கினதை ஏழு வருஷம் கழித்துத் திருப்பினால் அது பெருத்துத்தான் போகும்.

பெருத்துக்கொண்டுதான் இருந்தது. இரண்டாம் பருவம் தொடங்கியபோது வெயில் ஏறி, காலையில் இரண்டு மணி நேரம் ஓடினாலே கிணற்று மோட்டார் காற்றை இழுத்தது. மாசிக் கடைசியில் அப்பா அரூர் சந்தையில் ஒரு கொடுவாள் வாங்கி வந்தார். தேங்காய் வெட்ட என்றார். எங்களிடம் தென்னை இல்லை. அதை மோட்டார் அறையில், ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால் சொருகி வைத்தார். ஒரு நாள் நான் சுவிட்சைப் போடப் போனபோது பிடி கையில் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தேன். தீட்டி வைத்திருந்தார்.

"யாருக்குப்பா இது?" என்று கேட்டேன்.

"பங்காளியையும் பனங்காயையும் பதம் பாத்து வெட்டணும். பதம் வந்துருச்சு. இனி ஒரு ஞாயித்துக்கெழம மோட்டாரு ஓடிச்சின்னா பாரு" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கத்துகிற அப்பாவை எனக்குத் தெரியும், இவரைத் தெரியாது.

அவரிடம் சொல்லிப் பயனில்லை. அம்மாவிடம் சொன்னால் அழுவாள். என் கையில் இருந்தது நான் படித்துக்கொண்டிருந்த பாடம் ஒன்றுதான். அந்த வாரம் மேடம் ஒரு அசைன்மென்ட் கொடுத்திருந்தார். கற்பனையாக ஒரு கம்பெனியை உண்டாக்கி, அதற்கு முதல் எப்படி அமையும், லாபம் எப்படிப் பிரியும் என்று எழுத வேண்டும். மற்றவர்கள் பிஸ்கட் கம்பெனி, செருப்புக் கம்பெனி என்று எழுதினார்கள். நான் எங்கள் கிணற்றை எழுதினேன். நூறு பங்கு. ஐம்பது மூத்தவருக்கு, ஐம்பது இளையவருக்கு. லாபம் தண்ணீராகக் கிடைக்கும், ஆளுக்கு மூன்று நாள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனியுடையது. அன்றைய தண்ணீரை இரண்டு பேருக்கும் பொதுவாக விட்டு, அதில் விளைந்து வருகிற பணத்தை மோட்டார் செப்பனிட வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையை ஆண்டவரிடமிருந்து எடுத்துக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டேன். ஆண்டவருக்கும் உடம்பு கிடையாது, கம்பெனிக்கும் கிடையாது, யாரும் வெட்ட முடியாது. மேடம் நல்ல மதிப்பெண் போட்டு, கீழே சிவப்பு மையில் "இந்தக் கம்பெனிக்குக் கடனே இல்லையா?" என்று எழுதியிருந்தார். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சாமியாரிடம் போனேன். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேச வேண்டும் என்றேன். கொடுவாளைப் பற்றியும் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. "கோயில் வளாகத்துல வேணாம்மா" என்றார். "வேற எங்கயும் ஆயுதம் இல்லாம ரெண்டு பேரும் வரமாட்டாங்க சாமி" என்றேன். அது அவருக்கும் புரிந்தது.

அந்த ஞாயிறு பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவிக்கச் சொன்ன நேரத்தில், அப்பா பின்பக்கம் திரும்பி முன்பின் தெரியாத ஒரு பையனைக் கும்பிட்டார். பெரியப்பா தூணைக் கும்பிட்டார். அது வழக்கம்தான். பூசை முடிந்து கொடிமரத்துக்குப் பக்கத்தில் நாலு இரும்பு மடக்கு நாற்காலி போட்டார்கள். சாமியார் ஒன்றில், அவருக்கு இரண்டு பக்கமும் இவர்கள். நான் உட்காராமல் நின்றுகொண்டேன், தாள் கையில் இருந்தது. பெரியப்பா நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி, வலது காதை என் பக்கம் வைத்துக்கொண்டார்.

நான் பேசத் தொடங்கியது வகுப்பில் பேசுகிற மாதிரி. அதுதான் நான் செய்த தப்பு. முதலில் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். நான் பாடத்தில் உள்ளபடி, கம்பெனியிலிருந்து தொடங்கினேன்.

"பெரிப்பா, கெணறு இனிமே உங்களுது இல்லீங்க. எங்களுதும் இல்லீங்க. கம்பெனியோடதுங்க."

முதல் ஐந்து சொல்லுக்குப் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை என்று நினைத்தேன். அப்படி இல்லை. கடைசிச் சொல்லைத்தான் நன்றாகக் கேட்டிருக்கிறார்.

"என்னாது? கம்பெனியா?" என்று எழுந்தார். "எம்பையன் ரெண்டு வெரலத் தின்னுச்சே, அந்தக் கம்பெனியா? ஓசூருக்கு நடையா நடந்தேன். யாருய்யா பதில் சொல்றதுன்னு கேட்டா, சூப்பர்வைசரு நான் இல்லன்றான், மேனேஜரு நான் இல்லன்றான். கம்பெனியப் போயிக் கேளுன்றானுங்க. கம்பெனின்னா யாரு? ஆளே இல்ல! ஆளில்லாதவனுக்கு எங்கப்பன் வெட்டின கெணத்தத் தூக்கிக் குடுக்கறியா நீ?"

அவருடைய இரண்டு மகன்களும் ஓசூரில் ஒப்பந்தக் கூலிக்கு இருந்தார்கள். இளையவன் விரல் போனது ஊருக்கே தெரியும். ஆனால் அதற்கும் என் தாளுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் ஒரு வருஷமாகப் புத்தகத்தில் படித்ததை அவர் ஒரு கம்பெனி கேட்டின் முன்னால் நின்று படித்திருக்கிறார். என்னைவிட நன்றாகவே படித்திருக்கிறார்.

"இல்லீங்க பெரிப்பா, இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா..." என்று தாளை நீட்டினேன். கையெழுத்து என்கிற சொல் மீதி வேலையைச் செய்தது. அவர் கை என் கன்னத்தில் விழுந்தது. தாள் பறந்தது. அப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவர்மேல் பாய்ந்தார்.

சாமியார் "ஐயோ, ஆண்டவரே" என்று நடுவில் கையை நீட்டினார். நெஞ்சில் ஒரு குத்து வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யார் குத்தியது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. அப்பாவுக்கு ஒரு கைதான் நேராக வரும். பெரியப்பா அவரைக் கொடிமரத்துப் படியில் மல்லாக்கத் தள்ளி, நெஞ்சில் முட்டியை ஊன்றி, தோளிலிருந்த துண்டை அப்பாவின் கழுத்தைச் சுற்றி இரண்டு முனையையும் இழுத்தார். அப்பாவின் வாயிலிருந்து நுரை வந்தது. வளைந்த கை தரையில் தட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் கத்தினார்கள். ஆண்கள் வேடிக்கை பார்த்தார்கள். பங்காளிச் சண்டையில் வெளியாள் கை வைக்க மாட்டான்.

நான் மடக்கு நாற்காலியை மடக்கி, இரண்டு கையாலும் காலைப் பிடித்துத் தூக்கி, பெரியப்பாவின் தலையில் போட்டேன். பதட்டத்தில் எங்கேயோ பட்டது என்று பிறகு அம்மா ஊரெல்லாம் சொன்னாள். பொய். தலையைக் குறி வைத்துத்தான் போட்டேன். முதல் அடியிலேயே அவர் துண்டை விட்டுவிட்டார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இரண்டாவது ஒன்றும் போட்டேன். அது வலது பக்கம் விழுந்தது. அந்த இரண்டாவது அடியில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. அதை எழுதாமல் விட்டால் இதில் எழுதியிருக்கிற எதையும் நம்ப வேண்டாம்.

அவர் பக்கவாட்டில் சாய்ந்து, அசைவில்லாமல் கிடந்தார். காதிலிருந்து ரத்தம் கொடிமரத்துப் படியில் இறங்கியது. என் தாள் அதன்மேல் கிடந்தது. நூறு பங்கு என்று நான் எழுதியிருந்த வரி நனைந்துகொண்டே வந்தது.

அரூர் அரசு ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். எத்தனை என்று நான் எண்ணவில்லை. உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். ஆனால் அவரிடம் பேசிய எதற்கும் பெரியப்பா பதில் சொல்லவில்லை. டாக்டர் கையைத் தட்டிப் பார்த்தார், பெரியம்மா காதுக்குள் கத்திப் பார்த்தாள். வலது காதும் போயிருந்தது. இடது காதை என் அப்பா எடுத்தார், மீதி இருந்ததை நான் எடுத்தேன். இப்போது அப்பன் மகள் கணக்கு முடிந்தது.

மறுநாள் காலை ஏட்டு வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போயிருக்கிறது, வாக்குமூலம் வாங்க வேண்டும். வளாகத்தில் ஐம்பது பேர் பார்த்திருந்தும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அடிபட்டவன் சொன்னால்தான் கேஸ். அவர் என்னைச் சொன்னால் கொலை முயற்சி. பதினைந்து நாளில் பரீட்சை. பரீட்சை கிடக்கட்டும், கேஸ் என்று ஒன்று விழுந்துவிட்டால் அதற்கப்புறம் எந்த வேலைக்கும் என் பெயரை எடுக்க மாட்டார்கள். ஓடிப்போய்விடு என்றாள் அம்மா. நான் போகவில்லை. வார்டு கதவில் சாய்ந்துகொண்டு நின்றேன். கழுத்தில் துண்டு இறுகிய தடத்தோடு அப்பா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

ஏட்டு இரண்டு முறை கேட்டார். பெரியப்பா அவர் உதட்டைப் பார்த்தார், புரியவில்லை. ஏட்டு சலித்துக்கொண்டு, ஒரு தாளில் பெரிய எழுத்தில் "உன்னை அடித்தது யார்?" என்று எழுதி முகத்துக்கு நேரே பிடித்தார். பெரியப்பா ஐந்தாவது வரை படித்தவர். எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு தலையைத் திருப்பி, கதவில் நின்ற என்னைப் பார்த்தார். கண் சிவந்து வீங்கியிருந்தது. அதில் அன்பு எதுவும் இல்லை. அதை நான் தேடிப் பார்த்தேன்.

"கம்பெனிங்க" என்றார். தன் குரல் தனக்கே கேட்காததால் வார்டு முழுக்க எதிரொலிக்கக் கத்தினார்.

"எந்தக் கம்பெனி?" என்று ஏட்டு எழுதினார்.

"அது தெரியாதுங்க. கம்பெனிதான் அடிச்சுது. யாருன்னு கேட்டா ஆளே கெடையாதுங்களே! வேணும்னா எம்பொறந்தவன் மவளக் கேளுங்க. அவதான் அதுக்குப் படிக்கறா."

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். தலையில் அடிபட்டதில் கிழவனுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று ஏட்டு நினைத்துக்கொண்டார். கொடிமரத்துப் படியில் கால் தவறி விழுந்ததாக எழுதி, கட்டைவிரல் ரேகை வாங்கினார். கையெழுத்துப் போடத் தெரிந்த மனிதர் ரேகைதான் வைத்தார். எழுத்து என்றால் இனி நம்பிக்கை இல்லை போலிருக்கிறது.

ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று பெரியம்மா அவரிடம் எழுதிக் கேட்டாளாம். "பங்காளி மேல கேஸ் போடுவேன். பொட்டப்புள்ள மேல போட்டு, நாளைக்கி அவ கல்யாணம் நின்னுச்சின்னா, அந்தப் பேச்ச நான் கேட்டுக்கிட்டு இருக்கணுமா?" என்றாராம். எந்தப் பேச்சையும் இனி அவர் கேட்கப் போவதில்லை என்பதை அவரே மறந்திருக்கிறார்.

சாமியாரிடம் செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் பத்து தடவை "அருள் நிறைந்த மரியே" ஜெபம் சொல்லச் சொன்னார். காது ஒன்றுக்குப் பத்து. எனக்குக் கணக்கு ஒத்துவரவில்லை.

பரீட்சையில் வரையறுக்கப்பட்ட பொறுப்பை விளக்குக என்று கேட்டிருந்தார்கள். புத்தகத்தில் உள்ளபடி எழுதினேன். தேறினேன்.

பெரியப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் முறை நாளில் மோட்டார் எரிந்தது. கிணற்றில் தண்ணீர் கீழே போய் மோட்டார் காற்றை இழுக்கத் தொடங்கினால் சத்தம் மாறும், கரகரவென்று தொண்டை கட்டின மாதிரி. அதைக் கேட்ட உடனே நிறுத்த வேண்டும். மடை திருப்பிக்கொண்டிருந்தவருக்கு அது கேட்கவில்லை. புகை வந்த பிறகுதான் பார்த்திருக்கிறார். எரிந்த கம்பிச் சுற்றை எடுத்துவிட்டுப் புதுக் காயில் கட்டி வந்து மறுபடி இறக்கினார்கள். சத்தத்தைக் கேட்டு நிறுத்த ஓசூரிலிருந்து மகன்கள் வந்து கூட இருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமையை அப்பா விட்டுவிட்டார். விட்டேன் என்று சொல்லவில்லை. பெரியப்பா மோட்டார் போட்டார், அப்பா எழுந்து போகவில்லை, அவ்வளவுதான். கொடுவாளை நான் எடுத்து வந்து அம்மாவிடம் கொடுத்தேன். அவள் அதில் முருங்கைக் கிளை வெட்டினாள்.

பரீட்சை முடிந்த முதல் ஞாயிறு, பூசையிலிருந்து நேராகக் கிணற்றுக்குப் போனேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அறை வாசலில் உட்கார்ந்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. கையில் நோட்டும் பேனாவும் வைத்திருந்தேன். அவரிடம் எதைச் சொல்வதானாலும் எழுதித்தான் காட்ட வேண்டும். வாயால் முணுமுணுத்துவிட்டுத் தப்பிக்க முடியாது. கல்லூரியில் இரண்டு நிமிடத்தில் எழுதின கடிதத்தின் முதல் வரியை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். அடித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி அடித்தேன். மனமார என்கிற சொல்லைத் தாண்டிப் பேனா போகவில்லை.

ஒன்றரை மணி நேரத்தில் சத்தம் கரகரத்தது. எழுந்து சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். வாய்க்காலில் தண்ணீர் மெலிந்து நின்றதும் பெரியப்பா மண்வெட்டியோடு வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். காதுக்கு மேலே தையல் போட்ட இடத்தில் முடி இன்னும் முளைக்கவில்லை.

"எதுக்கு நிறுத்தின?" என்று கத்தினார்.

நோட்டில் புதுப் பக்கத்தைத் திருப்பி எழுதி, அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, வாசலின் மறுபக்கத்தில் மண்வெட்டியைச் சாய்த்து வைத்து உட்கார்ந்தார். தண்ணீர் ஊற ஒரு மணி நேரம் ஆகும்.

நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "தண்ணி கீழ போயிடுச்சுங்க பெரிப்பா. ஊறட்டும், நானே போட்டு விடறேன்."